வில்லுக்கு இரண்டு பொட்டு

மரவில் போட்டி எங்கே நடந்தாலும், அம்பு விடப் போவதற்கு முன்னால் ஒரு மேசையைத் தாண்டியாக வேண்டும். மேசைக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்துகொண்டு, வருகிற வில்லை எல்லாம் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சரியாக இருந்தால் உள்ளே விடுவார், இல்லாவிட்டால் ஓரமாக நிற்கச் சொல்வார். சில வருடங்களாக எங்கள் பக்கத்துப் போட்டிகளில் அந்த ஆள் நான்தான். பிள்ளைகளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது. "அந்தக்கா நோண்டி நோண்டிப் பாக்கும்டி" என்று வரிசையில் நின்றபடியே பேசிக்கொள்வார்கள். பேசட்டும். இந்த நோண்டுகிற புத்தி எனக்குப் பிறவியில் வந்ததில்லை, எங்கள் அம்மாவால் வந்தது.

அப்போது எனக்குப் பதினோரு வயது. அப்பாவுக்குப் போடியில் சாக்குக் கடை. ஏலக்காய் வியாபாரிகளுக்குச் சாக்கும் சணலும் விற்பார். அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பாள். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, ஒரு வியாபாரியின் கிட்டங்கியில் ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிக்கும் வேலையில் இருந்தார். சல்லடையில் நின்றால் பெருங்காய், கீழே விழுந்தால் சிறுகாய், நடுவில் பேச்சுக்கே இடமில்லை. மாமாவுக்கு உலகத்தில் எல்லாமே அப்படித்தான். அம்மா சுட்டுப் போடும் தோசையைக்கூட விளிம்பு பார்த்துத்தான் வாங்குவார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. சார் வில்வித்தை ஆரம்பித்ததும், என்னைவிட மாமாவுக்குத்தான் அதில் கிறுக்குப் பிடித்தது. அவரே எங்கெங்கோ விசாரித்து எனக்கு ஒரு வில் வாங்கிவந்தார். இரண்டு நுனியும் முறுக்கிவிட்ட மீசை மாதிரி முன்பக்கமாக வளைந்த மரவில். ரிகர்வ் என்று அதற்குப் பெயர். வில் வந்த கையோடு அதற்கான விதிகளையும் கைப்பேசியில் எடுத்துப் படிக்கத் தொடங்கினார். இங்கிலீஷில் இருந்த விதிகளை ஒவ்வொரு வார்த்தையாகக் கூட்டிப் படித்து, சாப்பிடும் நேரத்தில் எங்களுக்கு விளக்கவுரை நடத்தினார்.

விதிகள் ரொம்பக் கறாரானவை. வில் முழுக்க மரமாக இருக்க வேண்டும். குறிபார்க்கும் கருவி எதுவும் அதில் பூட்டக் கூடாது. அம்பும் மரத்தால் ஆனதாக, அதன் இறகு நிஜப் பறவையின் இறகாக இருக்க வேண்டும். நாணில் அம்பைப் பொருத்த ஒரு முடிச்சு இருக்கலாம், விரலை எங்கே வைப்பது என்று காட்டும் வேறு அடையாளம் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், வில்லின் உட்பக்கம், அதாவது அம்பு விடுகிறவரின் கண்ணுக்கு எதிரே இருக்கிற பக்கம், கோடு புள்ளி ஒட்டு எதுவும் இல்லாமல் துடைத்துவிட்ட மாதிரி இருக்க வேண்டும். சின்னப் புள்ளி இருந்தாலும் போதும், அதைப் பலகையின் நடுவோடு சேர்த்துப் பார்த்துக் குறி வைத்துவிடலாம். "கண்ணும் கையும் மட்டுந்தான் தொணை, வேற ஒரு பய தொணைக்கு வரக் கூடாது, அதான் இந்தப் போட்டியோட அழகே" என்று மாமா சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொல்வார். அம்மா ஒருநாளும் காதில் வாங்கியதாகக் காட்டிக்கொண்டதில்லை. அவளைப் பொறுத்தவரை அது 'குச்சி விடுற சோலி', அவ்வளவுதான்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை. அப்பா கடையிலிருந்து கிழிந்த சாக்குகளை மனசில்லாமல் கொடுத்தார். அவற்றில் வைக்கோலைத் திணித்து முட்டுக் கொடுத்து, மேலே, நடுவில் மஞ்சள் வட்டம் போட்ட தாளை ஒட்டினால் அதுதான் பலகை. பள்ளி விட்டு வந்ததும் நான் அங்கே போய் நின்றுவிடுவேன். வில்லைக் கையில் எடுத்தால் எனக்குப் பசி தெரியாது. படுக்கும்போதும் பக்கத்தில்தான் வைத்துக்கொள்வேன். அம்புகளுக்கு மட்டும் என்மேல் அவ்வளவு பிரியம் இருக்கவில்லை. பலகையைத் தவிர மற்ற இடங்களுக்கெல்லாம் போயின. ஒன்று பக்கத்து வீட்டுச் சுவரில் பூச்சைப் பெயர்த்தது. இன்னொன்று அவர்கள் காயப்போட்டிருந்த வாயில் துணிப் புடவையில் ஓட்டை போட்டது.

புடவையோடு அந்த வீட்டு அத்தை வந்து நின்ற அன்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். "தை பொறந்து ஏதோ போட்டி இருக்காமே, அதுல மொத மூணு பேருக்குள்ள வந்தா வெளையாடட்டும். வரலேன்னா வில்ல மச்சுல போட்டுட்டு, கணக்கு டியூசனுக்குப் போற வழியப் பாக்கணும்." நான் இரவெல்லாம் விசும்பிக்கொண்டிருந்தேன். அப்பா சொன்னால் சொன்னதுதான், மாமாவின் சல்லடையைவிட மோசம். அம்மா என் தலையை ஒருதரம் தடவிவிட்டு, மிஷினில் பாதியில் நின்ற ஜாக்கெட் கையைத் தைக்கப் போய்விட்டாள்.

அந்த வாரம் ஆயுத பூசை வந்தது. அம்மா தையல் மிஷினுக்கும் கத்தரிக்கோலுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள். மாமாவின் வண்டிக்கு வைத்தாள். கடைசியில் என் வில்லை எடுத்து, கைப்பிடிக்குச் சற்று மேலே, உட்பக்கமாக ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தாள். மறுநாள் அம்பு விட்டேன். விட்டதில் பாதிக்கு மேல் பலகையில் போய்க் குத்தியது! நான் போட்ட கூச்சலில் அம்மாவின் மிஷின் நின்றது. அந்த மிஷின் பின்பக்கத்து ஜன்னலை ஒட்டித்தான் இருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பார்த்தாள். இன்னும் நாலு விடு என்றாள், விட்டேன். பிறகு வெளியே வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று, என் காதோடு கன்னத்தை வைத்து ஒற்றைக் கண்ணால் பலகையைப் பார்த்தாள். "சாமி கண்ணத் தொறந்துருச்சு" என்று மட்டும் சொன்னாள்.

அதிலிருந்து அம்மாவுக்கு வில்மேல் பக்தி கூடிவிட்டது. வெள்ளிக்கிழமை தவறாமல் பழைய பொட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைப்பாள். அதற்கு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வருவாள். கைப்பிடியிலிருந்து நாடாவைப் பிடித்து, வாயில் ஒரு குண்டூசியைக் கடித்துக்கொண்டு, ரவிக்கைக்குக் கழுத்து அளவு எடுப்பது போல எடுத்துத்தான் குங்குமத்தைத் தொடுவாள். எதற்கும்மா இவ்வளவு என்று கேட்டதற்கு, சாமி காரியத்தில் ஏனோதானோ என்று இருக்கக் கூடாது என்றாள்.

போட்டியில் கிட்டத்துப் பலகை, தூரத்துப் பலகை என்று இரண்டு உண்டு. நான் தூரத்துப் பலகைக்கு விட ஆரம்பித்ததும் அம்புகள் மறுபடி தரையைக் கொத்தின. இரண்டு மூன்று சாயங்காலம் அம்மா ஜன்னலில் நின்று பார்த்தாள். அந்த வெள்ளிக்கிழமை முதல் பொட்டுக்குக் கொஞ்சம் கீழே இரண்டாவது பொட்டு வந்தது. "கிட்டத்துக்கு விடும்போது மேல இருக்குற பொட்டப் பாத்துக் கும்பிட்டுக்க. தூரத்துக்குக் கீழ இருக்குறதப் பாரு. பொட்டுக்குப் பின்னாடி மஞ்ச வட்டம் வந்து ஒக்காரணும். அப்பத்தான் சாமி ஏத்துக்கும்" என்றாள். நானாகவே அதற்கு ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். மேலே இருப்பது மலைமேல் இருக்கிற முருகன், கீழே இருப்பது ஊருக்குள் இருக்கிற மாரியம்மன். சாமிகள் என்னைக் கைவிடவில்லை. தைக்குள் பத்து அம்பு விட்டால் எட்டு அம்பு மஞ்சளைச் சுற்றியே நின்றது.

மாமா இதையெல்லாம் பார்த்திருந்தால் கதை வேறாகியிருக்கும். ஆனால் அது காய் வரத்து மும்முரமான காலம். கிட்டங்கியிலேயே சாப்பிட்டு அங்கேயே மூட்டைமேல் படுத்துக்கொண்டிருந்தார். அவரை வீட்டில் பார்ப்பதே அபூர்வம்.

போட்டி எங்கள் பள்ளி மைதானத்தில் நடந்தது. காலையில் மலையிலிருந்து இறங்கிய குளிர் இன்னும் போகவில்லை. போடிமெட்டு வழியாக ஜீப்பில் எஸ்டேட் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். வளைவில் வாந்தி எடுத்த களைப்பு அவர்கள் முகத்தில் இருந்தது. வில்லைச் சோதிக்கிற மேசையில் யாரை உட்காரவைப்பது என்ற கேள்வி வந்தபோது, விதிகளைக் கடைசிவரை படித்தவர் ஊரிலேயே மாமா ஒருவர்தான் என்பது தெரிந்து, பி.டி. சார் அவரை உட்காரவைத்துவிட்டார். தேய்த்த வெள்ளைச் சட்டையில், மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார் மாமா. அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பார்க்கத் தொடங்கியதும் சலிக்கத் தொடங்கிவிட்டார். பிளாஸ்டிக் இறகு வைத்த ஒருவனின் அம்புகளை ஒதுக்கி, பள்ளிக்கூடத்து அம்புகளைக் கொடுத்தார். எஸ்டேட்டிலிருந்து வந்த ஒரு பெண் கண்ணேறு படாமலிருக்க வில்லின் மேல்பாதியில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தாள். அதை அவிழ்க்கச் சொன்னார். பெயிண்டுக் கடைக்காரர் மகனின் வில்லில் உட்பக்கமாக ஒரு சின்னச் சிலுவை ஒட்டியிருந்தது. மாமா அதையும் உரிக்கச் சொல்லிவிட்டார். பையனின் அப்பா பக்கத்திலேயே நின்றிருந்தார். முகம் சுண்டிப்போய்விட்டது, ஆனாலும் விதி என்று சொன்னதால் பேசாமல் ஒதுங்கிக்கொண்டார்.

அடுத்தது நான். மாமா சிரிக்காமல், என்னைத் தெரியாதவர் போலவே வில்லை வாங்கினார். நாணைப் பார்த்தார், சரி. அம்பைப் பார்த்தார், சரி. வில்லைத் திருப்பினார். அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்ன ஆத்தா?"

"சாமி மாமா."

"ரெண்டு இருக்கு?"

"மேல முருகன், கீழ மாரியம்மன்."

மாமா குரலைத் தாழ்த்தினார். "அம்பு விடும்போது எந்தச் சாமியக் கும்புடுவ?"

இதைக்கூடத் தெரியாமல் கேட்கிறாரே என்று நினைத்துக்கொண்டு, "கிட்டத்துக்கு முருகன், தூரத்துக்கு மாரியம்மன்" என்றேன். ஊருக்கே கேட்கும்படி சொன்னேன்.

மாமா கண்ணை மூடிக்கொண்டார். உதடு துடித்தது. சாமி பெயரைக் கேட்டதும் உருகிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு கண்ணைத் திறந்து, கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த அம்மாவைப் பார்த்தார். அம்மா முந்தானையைச் சரிசெய்தபடி, வாழ்க்கையில் முதல்தடவையாக மலையைப் பார்க்கிறவள் போலப் போடிமெட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, கொஞ்சம் இங்கிட்டு வா."

அம்மா வந்தாள். வரும்போதே கோபத்தை முகத்தில் ஏற்றிக்கொண்டுதான் வந்தாள். "சாமிக்கு வெச்ச பொட்டுடா அது. வெள்ளிக்கெழம வெரதமிருந்து வெச்சது. அதுல கை வெச்ச, பாத்துக்க!"

அதற்குள் பெயிண்டுக் கடைக்காரர் முன்னால் வந்துவிட்டார். "ஏந்தம்பி, எங்க ஏசுவ மட்டும் நகத்த வெச்சுச் சொரண்டச் சொன்னீக. ஒங்க முருகனுக்கு மட்டும் பாஸ் இருக்கோ?" பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கறுப்புக் கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்திருந்த எஸ்டேட் பெண்ணும் என்னையே பார்த்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வில்லை உள்ளே விடாவிட்டால் போட்டி போச்சு, போட்டி போனால் வில்லும் போச்சு. மச்சும் கணக்கு டியூசனும் கண்முன்னால் வந்து நின்றன.

இன்று அந்த மேசையில் உட்காருகிறவளாகச் சொல்கிறேன், மாமா ஒரே பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டிருப்பார். ஒரு பொட்டு இருந்தால், தெரியாமல் பக்தியில் வைத்தது என்று நினைத்துத் துடைக்கச் சொல்லலாம். கிட்டத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்று அளவெடுத்து வைத்த இரண்டு பொட்டு, கடையில் விற்கிற குறிபார்க்கும் கருவி செய்கிற வேலையைத்தான் செய்கிறது. அக்கா திருட்டுத்தனம் பண்ணியிருக்கிறாள். அதுவும் தம்பி சோறு பிசைந்துகொண்டே விளக்கிய விதிகளை, காதில் வாங்காத மாதிரி இருந்து, ஒன்று விடாமல் வாங்கிப் பண்ணியிருக்கிறாள். அதை அவர் ஒரு வார்த்தையில் உடைத்திருக்கலாம். ஊர் முன்னால் அவள் தலை குனிந்திருக்கும்.

மாமா எழுந்து நின்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிப் பேசினார். "எக்கா, நீ நெத்தியில பொட்டு வெச்சிருக்கியே, அது முன்னாடிதான இருக்கு?"

"பின்ன எங்கிட்டு இருக்கும்?"

"ஒம் மகளுக்கு என்னைக்காச்சும் பிடரியில பொட்டு வெச்சு அனுப்பியிருக்கியா?"

"கூறுகெட்டவனே, பிடரியில எவளாச்சும் பொட்டு வெப்பாளா?"

"வில்லுக்கு மொகம் அங்கிட்டுல்ல இருக்கு, பலகையப் பாத்து. இங்கிட்டு இருக்கறது பிடரி. நீ சாமியக் கொண்டாந்து பிடரியில ஒக்கார வெச்சிருக்கியேக்கா. அது எப்புடி வழி காட்டும்?" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். "முன்பக்கம் யாரு எந்தச் சாமிய வேணும்னாலும் வெச்சுக்கலாம். விதியில தடை இல்ல. அண்ணே, நீங்களும் சிலுவைய முன்னாடி ஒட்டிக்கங்க. நீ அந்தக் கயித்தக் கையில கட்டிக்க ஆத்தா."

"அதுவும் நாயந்தான்" என்றார் பெயிண்டுக் கடைக்காரர். சட்டைப்பையின் மேல் ஒட்டிவைத்திருந்த சிலுவையை எடுத்துக்கொண்டு மகனைத் தேடிப் போனார். அம்மா மட்டும் அசையாமல் நின்று தம்பியைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் அவர்கள். அந்தப் பார்வையில் என்னென்ன இருந்தது என்று எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அம்மா முந்தானை நுனியை நனைத்து, தன் கையாலேயே இரண்டு பொட்டையும் அழுத்தித் துடைத்தாள். பையிலிருந்த குங்குமச் சிமிழைத் திறந்து, வில்லின் முன்பக்கம் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள்.

"ரெண்டா வையேன்க்கா. மாரியம்மன் கோவிச்சுக்கப் போகுது" என்றார் மாமா.

"ஒண்ணு போதும்டா" என்றாள் அம்மா, வெடுக்கென்று.

எனக்கு அதுதான் பெரிய கவலையாகிவிட்டது. அந்த ஒரு பொட்டு முருகனா, மாரியம்மனா? யாரைச் சேர்த்துக்கொண்டாள், யாரை விட்டாள்? கோட்டில் போய் நின்று வில்லைத் தூக்கினால், கண்ணுக்கு எதிரே வெறும் மரம். முதல் அம்பு பலகைக்கு மேலே பறந்து வேப்பமரத்துக்குள் போய்விட்டது. இரண்டாவது புல்லில் படுத்தது. கூட்டத்துக்கு அந்தப் பக்கம் அப்பாவின் வண்டி வந்து நிற்பதைப் பார்த்தேன். 

பக்கத்தில் நின்றது அந்த எஸ்டேட் பெண். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக் கட்டியிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "எதுக்கு வில்லையே நோக்குற? மஞ்சள மட்டும் நோக்கு. கை தன்னால போகும்" என்றாள். நோக்க வேறு எதுவும் இல்லாததால் நான் மஞ்சளைப் பார்த்தேன். சாமி முன்பக்கம் உட்கார்ந்து பலகையைத்தானே பார்க்கிறது, அதுவே பார்த்துக்கொள்ளட்டும் என்று நாணை விட்டேன். அம்பு மஞ்சளை ஒட்டிப் போய் நின்றது. அத்தனை மாதச் சாயங்காலங்களும் கைக்குள் எங்கேயோ சேர்ந்து கிடந்திருக்கின்றன. அடுத்ததும் போய் நின்றது. அப்புறம் நான் எதையும் யோசிக்கவில்லை.

அந்தப் பெண்தான் முதல் பரிசு. நான் மூன்றாவது, அதுவும் மயிரிழையில். அப்பா என்னிடம் வந்து வில்லை வாங்கி, பிடிக்கத் தெரியாமல் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். "பின்னாடி இருக்கற சாக்கெல்லாம் நைஞ்சு போச்சுல்ல, நாளைக்குப் புதுசு தர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிப் போனார். அப்பா பேச்சில் அதற்குமேல் சந்தோஷத்தை எதிர்பார்க்க முடியாது. நான் மைதானத்திலேயே குதித்தேன். அம்மா அழுதாள், பிறகு கண்ணில் தூசி என்றாள்.

திரும்பும்போது மாமா எங்களை டீக்கடைக்குக் கூட்டிப் போனார். ஆளுக்கு இரண்டு வடை. அன்றைக்கு இருந்த நிறைவு அதற்குப் பிறகு வாங்கிய எந்தப் பரிசிலும் எனக்கு இல்லை. அம்மாவும் மாமாவும் காலையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா வடையைப் பிய்த்தபடி, தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ஏண்டா, அந்த நாண் இருக்குல்ல. அம்பு மாட்டுற முடிச்சுக்குக் கீழ, வெரல் வெக்கிற எடத்துல, மஞ்ச நூலு லேசாச் சுத்தி வெச்சா அதுவும் தப்பா?"

"எக்கா!" என்றார் மாமா. டீ புரையேறி, மூக்கு வழியாக வந்து, மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். தேய்த்த வெள்ளைச் சட்டையெல்லாம் டீ.

"எதுக்குடா சிரிக்கிற? சாமிக்குத்தான் கேட்டேன்" என்றாள் அம்மா. அவள் முகம் கர்ப்பக்கிருகத்துக்கு முன்னால் நிற்பது போல அத்தனை சாந்தமாக இருந்தது.

சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பாவம், மாரியம்மனுக்கு வில்லில் இடமில்லை என்றதும் அம்மா நாணில் ஓர் இடம் பார்க்கிறாள், அதைப் போய் இந்த மாமா இப்படிக் கேலி செய்கிறாரே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாமி விஷயத்தில் சிரிக்கிற ஆளோடு எனக்குப் பேச்சில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, பெஞ்சில் நகர்ந்து அம்மாவை ஒட்டி உட்கார்ந்தேன்.